எட்டாவது பிள்ளை

ஒரு தடுப்பூசி ஏழு பிள்ளைகளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழாமல் காக்கிறது. அதே ஊசி எட்டாவது பிள்ளையை அந்தக் கட்டிலிற் கொண்டுபோய்க் கிடத்துகிறது. ஊசி போடப்படாதிருந்தால் எட்டாவது பிள்ளைக்கு அது நேர்ந்திராது. காக்கப்பட்ட ஏழு பேருக்கும் தாம் காக்கப்பட்டது தெரியாது. அவர்கள் வழமைபோல் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள். எட்டாவது பிள்ளையின் தாய்க்கு மட்டும் எல்லாம் தெரிகிறது. இந்த ஊசியைப் போடலாமா?

இது தத்துவ வகுப்புக்கெனப் புனையப்பட்ட புதிரல்ல. 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் அரசு தனது பொதுப் பள்ளிக்கூடங்களில், ஒன்பது வயதுப் பிள்ளைகளிலிருந்து தொடங்கி, டெங்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. அடுத்த ஆண்டின் முடிவில் அது நிறுத்தப்பட்டபோது எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் குறைந்தது ஒரு தடவையாவது ஊசி போடப்பட்டிருந்தனர். ஏழுக்கு ஒன்று என்ற கணக்கு அந்த ஊசியைப் பற்றிய கணக்குத்தான். அது எப்படி வந்தது என்பதைப் பின்னர் பார்ப்போம். அதற்கு முன், ஒரு நோயிலிருந்து காப்பதற்கென்று கொடுக்கப்பட்ட ஒன்று அதே நோயை எப்படிக் கடுமையாக்க முடியும் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். விஞ்ஞானத்தை விளங்காமல் அறம் பேசுவது வெறும் ஆவேசமாகவே முடியும்.

*

தடுப்பூசி என்ற கருத்தே உறவு நோய்களின் ஒற்றுமையிலிருந்து பிறந்தது. 1796 மே 14ஆம் திகதி இங்கிலாந்தில் எட்வேட் ஜென்னர் என்ற வைத்தியர், பாற்காரப் பெண் ஒருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையிற் கீறி ஏற்றினார். சில வாரங்கள் கழித்து அதே சிறுவனுக்குப் பெரியம்மையையே ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை. மாட்டம்மை பெரியம்மைக்குத் தூரத்துச் சொந்தம். சொந்தக்காரனின் முகத்தை அறிந்துவைத்திருந்த உடம்பு, வந்த கொடியவனையும் அடையாளங் கண்டுகொண்டது. ஒரு நோயின் அனுபவம் அதன் உறவு நோயிலிருந்து காப்பதைக் குறுக்குப் பாதுகாப்பு என்கிறோம். 1980இல் பெரியம்மை உலகிலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெரும் வெற்றியின் வேர் இதிலேதான் இருக்கிறது.

அந்த வேரில் இன்னொன்றும் இருக்கிறது. ஜேம்ஸ் பிப்ஸ் ஒரு தோட்டக்காரனின் மகன். 1803 நவம்பரில் ஸ்பெயின் அரசன் தன் குடியேற்ற நாடுகளுக்கு அம்மைப்பாலை அனுப்பியபோது குளிரூட்டி எதுவும் இல்லை. பல்மிஸ் என்ற வைத்தியரின் தலைமையிற் புறப்பட்ட கப்பலில் 22 அநாதைச் சிறுவர்கள் ஏற்றப்பட்டனர். ஒன்பது பத்து நாட்களுக்கொரு தடவை இரண்டு சிறுவர்களின் கையிலிருந்து அடுத்த இரண்டு சிறுவர்களின் கைக்கு அம்மைப்பால் மாற்றப்பட்டது. அவர்களது உடம்புதான் குப்பி. பின்னர் மெக்சிக்கோவிலிருந்து 26 சிறுவர்களை ஏற்றிக்கொண்டு 1805 ஏப்ரலில் அந்தப் பயணம் மணிலாவை அடைந்தது. பிலிப்பைன்ஸுக்கு முதலாவது தடுப்பு மருந்து இப்படித்தான் போய்ச் சேர்ந்தது. இலட்சக்கணக்கானோரைக் காத்த அந்த முயற்சியைப் பழிக்க நாம் வரவில்லை. ஆனால் பொது நன்மையைச் சுமக்க எவருடைய பிள்ளைகள் தெரிவுசெய்யப்பட்டார்கள் என்பதை மறந்துவிடவும் முடியாது. கேட்க ஆளில்லாத பிள்ளைகளே தெரிவுசெய்யப்பட்டார்கள்.

*

நுளம்பினாற் பரவும் வைரசுகளில் ஒரு பெரிய குடும்பம் உண்டு. மஞ்சட்காய்ச்சல், டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், சிக்கா, மேற்கு நைல் எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. டெங்குவில் மட்டும் நான்கு வகை. ஒன்று வந்து மாறினால் அந்த வகைக்கு எதிராக நெடுங்காலப் பாதுகாப்பு கிடைக்கிறது. மற்ற மூன்றுக்கும்?

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அல்பேட் சேபின் தன்னார்வலர்களின் உடம்பில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு வகை டெங்கு வந்து மாறியவருக்கு மற்ற வகையை ஏற்றினால், இரண்டொரு மாதங்களுக்குள் என்றால் நோய் வரவில்லை. இன்னுஞ் சில மாதம் கழிந்தால் இலேசாக வந்தது. அதன் பின்னர் அந்தப் பாதுகாப்புப் போய்விட்டது. அதாவது குறுக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அதற்குத் தவணை உண்டு.

தவணை முடிந்த பின் என்ன நடக்கிறது என்பதுதான் சங்கடமான கதை. 1953, 54இல் மணிலாவில் பிள்ளைகள் புதுவிதமான காய்ச்சலால் இறந்தார்கள். இரத்தம் கசிந்தது, காய்ச்சல் விடும் வேளையில் நாடி விழுந்தது. 1956இல் அங்குதான் டெங்குவின் மூன்றாம் நான்காம் வகைகள் கண்டுபிடிக்கப்பட்டன. 1960களில் பாங்கொக்கில் வேலைசெய்த ஸ்கொட் ஹால்ஸ்ரெட் என்ற அமெரிக்க வைத்தியர் இந்தக் கடும் நோய்க்கு இரண்டு கூட்டத்தினர் ஆளாவதைக் கவனித்தார். ஒரு கூட்டம், இரண்டாந் தடவை வேறு வகை டெங்கு தொற்றிய பிள்ளைகள். மற்றக் கூட்டம், ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைகள். அவர்களுக்கு அதுவே முதற் தொற்று. ஆனால் அவர்களின் தாய்மாருக்கு முன்னரே டெங்கு வந்திருந்தது.

இந்த இரண்டையும் இணைத்தது பிறபொருளெதிரிகள். நோயை எதிர்க்க இரத்தத்தில் உண்டாகும் அந்தப் புரதங்கள் போதிய அளவிற் பொருந்தினால் வைரசை முடக்கிவிடும். அரைகுறையாகப் பொருந்தினால், அல்லது குறைந்த அளவில் இருந்தால், வைரசில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் முடக்காது. வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை, பிறபொருளெதிரி ஒட்டிய எதையும் கைநீட்டி உள்ளே இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆக, காவலாளியே கள்வனைக் கைபிடித்து வீட்டுக்குள் அழைத்து வருகிறான். உள்ளே போன வைரசு அங்கேயே பெருகுகிறது. தாயிடமிருந்து தொப்புள்கொடி வழியாக வந்த பிறபொருளெதிரி முதல் மாதங்களிற் குழந்தையைக் காக்கிறது. ஆறு மாதமளவில் அது கரைந்து அரைகுறையாகும்போது அதுவே ஆபத்தாகிறது. முற்றாக மறைந்தபின் ஆபத்தும் மறைகிறது. தாய் கொடுத்தது ஒன்றுதான். காலமும் அளவுமே அதைக் காப்பாகவும் கேடாகவும் ஆக்கின.

கியூபாவில் 1977இல் டெங்கு முதலாம் வகை பரவியது, பெரிய இழப்பில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1981இல், இரண்டாம் வகை வந்தது. 344,203 பேர் நோயுற்றனர். 158 பேர் இறந்தனர். அவர்களில் 101 பேர் சிறுவர்கள். 1997இல் சந்தியாகோ நகரில் இரண்டாம் வகை மீண்டும் வந்தபோது கடுமையாக நோயுற்றவர்கள் வளர்ந்தவர்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் முதலாம் வகை அவர்களைத் தீண்டியிருந்தது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பழைய நினைவும் இல்லை. அந்த ஆபத்தும் இல்லை. உடம்பு இருபது ஆண்டுகளாகியும் மறக்கவில்லை. சரியாகவும் நினைவு வைத்திருக்கவில்லை.

2017இல் நிக்கரகுவாவிலிருந்து வந்த ஆய்வு இதற்கு ஓர் அளவு காட்டியது. 6,000க்கு மேற்பட்ட சிறுவர்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், பிறபொருளெதிரி அறவே இல்லாதவர்களை விடவும், நிறைய இருந்தவர்களை விடவும், இடைப்பட்ட குறுகிய ஓர் அளவில் இருந்தவர்களுக்கே கடும் நோய் வரும் ஆபத்துக் கூடுதல். இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ஏழு மடங்குக்கு மேல்.

உறவு ஒருவழிப் பாதையாகவும் இருக்கலாம். முன்னர் டெங்கு வந்தவர்களைச் சிக்கா குறைவாகவே தாக்கியதாகப் பிரேசிலிலும் நிக்கரகுவாவிலும் 2019இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் சிக்கா முதலில் வந்தவர்களுக்குப் பின்னர் டெங்கு இரண்டாம் வகை வந்தால் கடுமையாகும் ஆபத்துக் கூடியதென 2020இல் நிக்கரகுவாவிலிருந்தே தெரியவந்தது. ஊசியால் வரும் நிர்ப்பீடனமும் இப்படித்தான். தாய்லாந்தின் கம்பெங் பெட் மாகாணத்தில் 1980களில் நடந்த ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசிப் பரீட்சார்த்தத்தில், அந்த ஊசி டெங்குவின் கடுமையையும் ஓரளவு குறைத்திருக்கலாம் எனக் கண்டனர். அதே மாகாணத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் பின்னர் நடந்த ஆய்வு, மூளைக்காய்ச்சலுக்கான பிறபொருளெதிரி முன்னரே இருந்தவர்களிடம் டெங்கு நோயாக வெளிப்படுவது கூடுதலென்றது. ஆசியாவில் மஞ்சட்காய்ச்சல் ஏன் பரவவில்லை என்ற நெடுநாட் கேள்விக்குச் சொல்லப்படும் விடைகளில் ஒன்று, டெங்கு வந்துபோன உடம்புகள் அதற்கு இடங்கொடுக்கவில்லை என்பது. உறவு காக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். எப்போது எதைச் செய்யும் என்பது அந்த உடம்பின் முன்கதையில் தங்கியிருக்கிறது.

*

இப்போது மணிலாவுக்குத் திரும்புவோம். சனோஃபி நிறுவனம் தயாரித்த டெங்வக்சியா என்ற அந்த ஊசி, மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசி வைரசின் உடலுக்கு நான்கு வகை டெங்குவின் மேற்சட்டையைப் போர்த்திச் செய்யப்பட்டது. அதனைப் பரீட்சித்தபோது 2015இலேயே ஓர் அறிகுறி தென்பட்டது. ஆசிய நாடுகளில் ஊசி போடப்பட்ட, இரண்டிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் ஆஸ்பத்திரிக்குப் போவது, போடாதவர்களை விடப் பல மடங்கு கூடுதலாயிருந்தது. எண்ணிக்கை சிறியது. காரணம் வயதாயிருக்கலாம் என்று சொல்லி, ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே கொடுப்பதென முடிவாயிற்று. வயதல்ல, முன்தொற்று இல்லாமையே காரணமாயிருக்கலாம் என ஹால்ஸ்ரெட் 2016இல் எச்சரித்தார். பிலிப்பைன்ஸ் வைத்தியர்கள் சிலரும் அவசரப்பட வேண்டாமென்றனர். சின்னப் பிள்ளைகளிற் பலரை டெங்கு இன்னும் தீண்டியிருக்காது என்பது அவர்களின் வாதம்.

2017 நவம்பர் 29ஆம் திகதி நிறுவனமே அதை ஒப்புக்கொண்டது. விளக்கம் எளிது. டெங்குவே வராத பிள்ளைக்கு ஊசி ஒரு சத்தமில்லாத முதற் தொற்றுப்போல் ஆகிவிடுகிறது. பிறகு நிஜமாக வரும் முதற் தொற்று இரண்டாந் தொற்றுப்போல் நடந்துகொள்கிறது. முன்னரே ஒரு தடவை வந்த பிள்ளைக்கு ஊசியே அந்த ஆபத்தான இரண்டாம் படியைத் தாண்டுவித்துவிடுகிறது. ஒரே ஊசி, இரண்டு முன்கதைகள்.

உலக சுகாதார நிறுவனம் அப்போது வெளியிட்ட கணக்கின்படி ஐந்தாண்டுக் காலத்தில், முன்னர் டெங்கு வந்த 1,000 பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் 15 பேர் ஆஸ்பத்திரிக்குப் போவது தடுக்கப்படும். 4 பேருக்குக் கடும் நோய் தடுக்கப்படும். முன்னர் வராத 1,000 பிள்ளைகளுக்குப் போட்டால் 5 பேர் மேலதிகமாக ஆஸ்பத்திரிக்குப் போவர். 2 பேருக்கு மேலதிகமாகக் கடும் நோய் வரும். நூற்றுக்கு எழுபது வீதமானோருக்கு டெங்கு வந்துபோன ஓர் ஊரில் 10,000 பிள்ளைகளுக்குப் போட்டால், 7,000 பேரில் 105 பேர் காக்கப்படுகின்றனர். 3,000 பேரில் 15 பேர் கெடுக்கப்படுகின்றனர். ஏழுக்கு ஒன்று.

*

கணக்குப் பார்த்து நன்மை கூடிய பக்கம் சாய்வோர் ஊசியைப் போடு என்பர். அந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. காக்கப்படும் 105 பேரும் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் தாய்மார் உண்டு. ஊசியை நிறுத்துவதும் ஒரு செயல். அதற்கும் இரையாவோர் உண்டு. அவர்கள் எவர் எவரென்று ஒருபோதும் தெரியவராது என்பதற்காக அவர்கள் இல்லாமற் போய்விடுவதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒருவனுக்காக இரங்கி, தெரியாத எழுவரை மறப்பதும் ஒருவித அநீதியே.

எல்லா மருந்துக்கும் பக்கவிளைவு உண்டே, இதில் மட்டும் என்ன புதுமை என்றுங் கேட்கலாம். இங்கேதான் ஒரு வேறுபாட்டை ஊன்றிக் கவனிக்க வேண்டும். வழக்கமான தடுப்பூசியில் இலட்சத்தில் ஒருவருக்கு வரும் கேடு எவருக்கு வருமென்று எவருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே சீட்டை இழுக்கிறோம். எல்லோருக்கும் நன்மை, எல்லோருக்கும் சிறு ஆபத்து. அந்த ஒப்பந்தத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. டெங்வக்சியாவில் அந்த ஒப்பந்தம் இல்லை. நன்மை பெற்றவர்கள் ஒரு கூட்டம். ஆபத்தைச் சுமந்தவர்கள் வேறொரு கூட்டம். எந்தப் பிள்ளை எந்தக் கூட்டம் என்பது ஊசி ஏறுமுன்னரே அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் எழுதப்பட்டிருந்தது. வாசித்தால் தெரியும். வாசிக்கவில்லை.

ஆகவே இது விதி எறிந்த சீட்டல்ல. அறியக்கூடிய ஒன்றை அறியாமல் விட்டதன் விளைவு. பெரிய பரீட்சார்த்தங்களிற்கூட ஊசிக்கு முன் இரத்தம் எடுத்து வைத்தது பிள்ளைகளில் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டுமே. பின்னாளில் உண்மையைக் கண்டுபிடிக்க, ஊசி போட்டபின் எடுத்த இரத்தத்தில் புதியதொரு சோதனையைச் செய்து முன்கதையைப் பின்னோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. முன்னர் வந்ததா என்ற கேள்வி பிள்ளையிடம் கேட்கப்படவில்லை, ஊரிடம் கேட்கப்பட்டது. ஊர் எழுபது வீதம் என்றது. ஆனால் எந்தப் பிள்ளையும் எழுபது வீதமாக இருப்பதில்லை. வந்த பிள்ளை அல்லது வராத பிள்ளை, அவ்வளவுதான்.

இதற்கும் மறுமொழி உண்டு. பள்ளிக்கூட வாசலில் வைத்துச் செய்யக்கூடிய மலிவான நம்பகமான சோதனை அப்போது இருக்கவில்லை. ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு பிள்ளையின் இரத்தத்தையும் பார்ப்பதற்குப் பணமும் காலமும் வேண்டும். வசதி படைத்த நாடு கேட்கும் கேள்வியை வறிய நாடு கேட்டுக்கொண்டிருந்தால் மழைக்காலம் வந்துவிடும், பிள்ளைகள் சாவார்கள். இது பொய்யல்ல. ஆனால் கேட்க வசதியில்லை என்பது சொல்லாமல் விடுவதற்கு நியாயமாகாது. 'உங்கள் பிள்ளைக்கு முன்னர் டெங்கு வந்திருந்தால் இது காக்கும். வராதிருந்தால் என்ன செய்யும் என்பதிற் சந்தேகம் இருக்கிறது. எது என்று எங்களுக்குத் தெரியாது' என்று ஒரு தாயிடம் சொல்ல ஆய்வுகூடம் தேவையில்லை. 2015இல் கண்ட அறிகுறியை அப்படியே சொல்லியிருக்கலாம். பலர் மறுத்திருப்பர். சிலர் ஏற்றிருப்பர். முடிவு அவர்களுடையதாக இருந்திருக்கும். மனிதரை வெறுங் கருவியாக ஆக்காதே என்ற பழைய அறநெறியை இங்கே இப்படித்தான் நாம் வாசிக்கிறோம். ஒருவரைக் கொண்டு மற்றவர்களைக் காப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் அவரைக் கொண்டு காப்பதே குற்றம்.

முன்னர் கேட்காத கேள்வியைப் பின்னர் கேட்கவும் முடியாமற் போனது இன்னொரு கொடுமை. ஊசியும் இரத்தத்தில் பிறபொருளெதிரியை விட்டுச்செல்கிறது. சாதாரண இரத்தப் பரிசோதனையால் அது நுளம்பு தந்ததா ஊசி தந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். எட்டு இலட்சம் குடும்பங்களில் மிகப் பெரும்பான்மையானவை நன்மை பெற்றவை. ஆனால் எது அந்தப் பெரும்பான்மை என்று எந்தக் குடும்பத்துக்கும் தெரியாது. பிள்ளைக்கு உடம்பு சுடும் ஒவ்வொரு இரவும் எட்டு இலட்சம் வீடுகளுக்கும் பொதுவானதாயிற்று. இந்த அச்சம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

அவநம்பிக்கையும் குறுக்கே பாயும். பிலிப்பைன்ஸில் தடுப்பூசி முக்கியமானது என்று உறுதியாக நம்பியோர் 2015இல் 93 வீதம். 2018இல் 32 வீதம். பாதுகாப்பானது என்று உறுதியாக நம்பியோர் 82 வீதத்திலிருந்து 21 வீதமாயினர். பிள்ளைகளின் மரணங்கள் பல, நிரூபணமின்றியே அந்த ஊசியின் மேல் ஏற்றப்பட்டன. தாய்மார் வேறு ஊசிகளுக்கும் கதவைச் சாத்தினர். 2019இல் சின்னமுத்து பரவி நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தனர். ஊசி போடும் வீதம் அதற்கு முன்னரே சரியத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் ஒன்றின்மேற் போடுவது நேர்மையல்ல. ஆயினும் அச்சம் அந்தச் சரிவைத் தள்ளிவிட்டது. அதே ஆண்டு செப்ரெம்பரில், பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே இல்லாதிருந்த இளம்பிள்ளைவாதம் திரும்பி வந்தது. அந்த ஆண்டிலேயே நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்குவும் வந்தது. ஏழுக்கு ஒன்று என்று கணக்கிட்டவர்கள் சின்னமுத்தில் இறக்கப்போகும் குழந்தைகளைத் தராசில் வைக்கவில்லை. உண்மையை மறைத்தால் கிடைக்கும் நன்மை எவ்வளவு என்று கணக்கிடுவோர், மறைத்தது வெளியே வரும் நாளையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். அது வராமல் விடுவதில்லை.

*

பிலிப்பைன்ஸ் கதை எமக்கென்ன என்று கேட்போருக்கும் ஒரு சொல் உண்டு. எமது நாட்டில் 2017இல் மட்டும் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். அங்கே பிறந்து இங்கே வாழும் எமக்கும், இங்கேயே பிறந்த எம் பிள்ளைகளுக்கும் இரத்தத்தின் வரலாறு வேறு வேறு. கோடை விடுமுறைக்குப் போகும் குடும்பத்தில் ஒரே நுளம்பு தாயையும் மகளையும் கடிக்கலாம். தாய்க்கு அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கலாம், மகளுக்கு முதலாவது. ஒரே கடி, வேறு விளைவு.

இப்போது ஐரோப்பாவில் வேறொரு டெங்குத் தடுப்பூசி இருக்கிறது. ஜப்பானிய நிறுவனமொன்று, பலவீனப்படுத்திய இரண்டாம் வகை டெங்கு வைரசையே அடித்தளமாகக் கொண்டு செய்த கியூடெங்கா. 2022 டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அதனை, முன்தொற்று உள்ளவர் இல்லாதவர் என்று பிரிக்காமல் அனுமதித்தது. ஆனால் முன்தொற்று இல்லாதவர்களை அது மூன்றாம் வகையிலிருந்து காக்குமென்பது நிறுவப்படவில்லை. அதனால் 2023இல் ஜேர்மனியின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, பயணிகளில் முன்னர் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்ட டெங்கு வந்தவர்களுக்கே அதனைப் பரிந்துரைத்தது. மணிலாவிற் கேட்கப்படாத கேள்வி இங்கே வைத்தியரின் மேசையில் முதலாவதாக வந்து நிற்கிறது: உங்களுக்கு முன்னர் டெங்கு வந்ததா?

நல்ல கேள்வி. ஆனால் எம்மில் எத்தனை பேரால் விடை சொல்ல முடியும்? சின்ன வயதில் எமக்கு வந்தது காய்ச்சல். அதற்குப் பெயர் இருக்கவில்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தோம், கஞ்சி குடித்தோம், மாறியது, அல்லது மாறவில்லை. யுத்தகாலத்தில் பனடோலே கிடைக்காத ஊரில் இரத்தத்தைச் சோதித்து வகை சொல்ல எவர் இருந்தார்? இருந்த துண்டுகளும் இடம்பெயர்வுகளில் போயின. ஆபிரிக்க நாடுகளினூடாக ஏஜென்சிக்காரரின் வழியில் வந்தவர்களிற் சிலரிடம் மஞ்சட்காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இருந்தது; அந்த அட்டையில் எழுதியிருந்தது உண்மையா என்பதும் அவர்களுக்கே தெரியாது. ஆதாரமற்ற வரலாறு கொண்டவர்கள் நாம். அகதி வழக்கில் மட்டுமல்ல, நிர்ப்பீடன விடயத்திலும் அப்படித்தான்.

இதனாலேயே இந்தப் பிரச்சினையில் எமக்கு ஒரு பங்கு உண்டென்று கருதுகிறோம். தன் கதையைத் தாளிற் காட்ட முடியாதவனை மற்றவர்கள் சராசரியைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள். உன் ஊரில் இன்ன வீதம், ஆகவே நீயும் இன்னவன் என்கிறார்கள். மணிலாப் பிள்ளைக்கு நடந்ததும் அதுதான்.

இதைக் கேட்டவுடன் எம்மிற் சிலர் உவமைக்குத் தாவிவிடுவர். ஒரு துன்பம் பட்டவன் அடுத்த துன்பத்துக்குத் தயாராயிருப்பான் என்பர். அல்லது பழைய காயம் புதிய காயத்தை ஆழமாக்கும் என்பர். இரண்டும் அவசரம். இரத்தத்தைப் பற்றி நாம் அறிந்தது, இரண்டும் நடக்கும் என்பதும், எது நடக்குமென்பதை ஆளுக்காள் கேட்டே அறிய வேண்டும் என்பதும்தான். அதற்கு மேல் அந்த உவமையைச் சுமத்த நாம் விரும்பவில்லை.

தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு எமது விடை இது. ஏழு பிள்ளைகளுக்காக ஊசியைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் எட்டாவது பிள்ளை எவரென்று அறிய வழி இருக்குமானால், செலவாயினும் முதலில் அறிய வேண்டும். வழி இல்லையானால், பாதி தெரியாது என்பதைத் தாய் தகப்பனிடம் வெளியாகச் சொல்லிப் போட வேண்டும். இரண்டையும் செய்தபின்னும் கேடு நேருமானால், போட்ட கை விலகிப் போகாமல் அந்தப் பிள்ளையின் கட்டிலருகில் நிற்க வேண்டும். வைத்தியமும் நட்டஈடும் கெஞ்சிக் கேட்டுப் பெறும் பிச்சையாக இருக்கக் கூடாது. 2018இல் உலக சுகாதார நிறுவனம், டெங்வக்சியாவைப் போடுமுன் இரத்தத்தைச் சோதிப்பதே விரும்பத்தக்க வழி என்று சொன்னது. அதன் பின் அந்த ஊசியைத் தேடுவார் குறைந்து, கடைசியில் அதன் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. முன்னர் டெங்கு வந்த பிள்ளைகளைக் காக்க வல்ல ஒரு மருந்து இப்படிக் கைவிட்டுப் போயிற்று. முதலிலேயே கேட்டிருந்தால் அந்த ஊசியும் தப்பியிருக்கும். அந்தப் பிள்ளைகளும் தப்பியிருப்பர்.